அம்மாவுக்குப் பேச வராது

எங்கள் மகள் பிறந்து நான்கு வருடங்கள், அவள் காதில் விழும்படி என் மனைவி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று தடுத்து வைத்திருந்தேன். அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. படித்தவன் சொல்கிறேன், குழந்தையின் நன்மைக்கு என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள்.

அப்போது நான் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். கல்லூரியில் ஆங்கிலம் படித்தவன்தான். ஆனாலும் முதலாளி வீட்டுப் பிள்ளைகள் என் உச்சரிப்பை என் முதுகுக்குப் பின்னால் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். குழந்தைகள் மொழியைக் காதால்தான் பிடிக்கிறார்கள், கேட்கக் கேட்கப் பேச்சு தானே வரும் என்று எங்கோ படித்திருந்தேன். தமிழ் கலந்தால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது. அதிலும், கரடியூரில் பிறந்து வளர்ந்த என் மனைவி வீட்டுக்குச் சொல்லும் 'ஊடு'ம் ரொம்பவுக்குச் சொல்லும் 'நொம்ப'வும் குழந்தையிடம் ஒட்டிக்கொள்ளுமே என்பதுதான் என் உண்மையான பயம்.

சேலத்தில் ஒரு டேப் ரெக்கார்டரும் ஆங்கிலப் பாட்டு கேசட்டுகளும் வாங்கி வந்தேன். வீட்டில் நான் ஆங்கிலத்தில் பேசுவேன்; ஆபீசுக்குப் போனபின் அவை ஓடிக்கொண்டிருக்கும். என் மனைவி புருவத்தாலும் கையாலும் பேசிச் சோறு ஊட்டினாள். கொல்லையில் போய்க் கோழிகளிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று பக்கத்து வீட்டார் சொன்னபோது சிரித்தேன்.

பள்ளியில் சேர்த்த முதல் வாரம், அம்மாவுக்குப் பேச வராது என்று மகள் டீச்சரிடம் தெளிவான ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறாள். மறுநாள் டீச்சர் என் மனைவியிடம் இரக்கத்தோடு கைஜாடையில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அவளும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

அன்றைக்கே தடையை விலக்கினேன். தெருப் பிள்ளைகளோடு விளையாடியே மகள் சில மாதங்களில் தமிழ் பேசிவிட்டாள். ஆங்கிலமும் கெடவில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடுவில்தான் பேச்சு வரவில்லை. தாய் சாப்பிடுகிறாயா என்பாள். மகள் 'ம்' என்பாள். மகள் வேலைக்கு ஜெர்மனி போனபின் அந்த 'ம்'மும் குறைந்தது.

இப்போது மகளுக்கு இரண்டு வயதில் ஒரு மகன். அவர்கள் வீட்டில் ஜெர்மன்தான். தமிழ் அவனுக்கு அயல்மொழி. அவன் கேட்பதற்குத் தமிழில் கதைகள் பதிவு செய்து அனுப்பும்படி என்னைத்தான் கேட்டாள். அனுப்பினேன். நீங்கள் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கிறது, பையன் எழுந்து போய்விடுகிறான் என்றாள். அப்போதுதான், அம்மாவைப் பேசவிடாமல் தடுத்தது நான்தான் என்று எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

"அம்மாவுக்கு என்னைப் புடிக்காதுன்னு இத்தன வருசமா நெனச்சிட்டிருந்தேம்ப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

மனைவி முற்றத்தில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். பேரனிடம் நீ பேசு என்றேன். அவள் நிமிரவில்லை.

"ஏனுங்க, அவனும் ஊடுன்னு சொல்லிப்போட்டா என்ன பண்ணுவீங்க?"

"சொல்லட்டும்."

"எம்புள்ள சொல்லியிருந்தா?"

அவள் மிளகைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

ஒரு வாரம் கழித்து மகள் கூப்பிட்டாள். அம்மாவிடம் கொடுங்கள் என்றாள், அவ்வளவுதான். மனைவி போனை வாங்கிக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நெடுநேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாமி, சோறு உண்டயா கண்ணு?" என்று அவள் குரல் வந்தது. கேட்டது பேரனையா மகளையா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் பேசுகிறார்கள். பையன் எதையோ திருப்பிச் சொல்வதும் மகள் சிரிப்பதும் சாத்திய கதவு வழியே மங்கலாகக் கேட்கும். போன வாரம் டீ கொண்டுபோனேன். என்னைக் கண்டதும் என் மனைவி பேச்சை நிறுத்தினாள். போனிலும் சத்தம் அடங்கிற்று. டம்ளரை வைத்துவிட்டு நான் உள்ளே வரும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள்.