வாத்தியார் சேர்த்த தேங்காய்கள்

எண்பதாம் ஆண்டு பங்குனி மாதம், நாங்கள் வன்னியில் முள்ளியவளைக்குக் கிட்ட இருந்தபோது நடந்தது இது. வருடப்பிறப்புக்கு இரண்டு கிழமை இருந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்த என் மகள் வந்து, "அம்மா, எங்கடை வகுப்புச் சேர் எல்லாரையும் ஒவ்வொரு தேங்காய் கொண்டுவரட்டாம். சிரட்டை நல்லாத் தடிச்சிருக்கோணுமாம்" என்றாள்.

அப்போதே எனக்கு மனதில் ஏதோ உறுத்தியது. வருடப்பிறப்புக்கு எங்கள் பக்கம் போர்த்தேங்காய் அடிப்பார்கள். ஒருவர் நிலத்தில் வைத்த தேங்காயை மற்றவர் தன் தேங்காயால் அடிப்பார். உடையாத தேங்காய் வெல்லும். பந்தயமும் நடக்கும். அதற்காகத் தடித்த சிரட்டைத் தேங்காய் தேடி அலைவார்கள். வாத்தியாரோ வெளியூர், வந்து மூன்று மாதம்தான். பிள்ளைகளை ஏய்த்துப் போர்த்தேங்காய்க்குக் காய் சேர்க்கிறாரோ? ஒரு பின்னேரம் பள்ளிக்கூடத்தைக் கடந்தபோது, பூட்டியிருக்கும் பின் அறைக்குள் டொக், டொக் என்று தேங்காய் மோதும் சத்தம் கேட்டது. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள். கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் மட்டும் மெல்லச் சொன்னேன். அவள் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவள்.

நாலாம் நாள் தகப்பன்மார் பள்ளிக்கூடத்தில் கூடிவிட்டார்கள். வாத்தியாரை மாற்றச் சொல்லி மனுவும் எழுதியாகிவிட்டதாம். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் பின்னால் போய் நின்றோம்.

"எங்கடை பிள்ளையளின்ரை தேங்காயிலையோ உமக்குப் பந்தயம்?" என்று ஒருவர் கத்தினார்.

வாத்தியார் பின் அறையைத் திறந்தார். கூரை வளையிலிருந்து ஐந்து தேங்காய்கள் ஒன்றோடொன்று முட்டியபடி கயிற்றில் தொங்கின. மிச்சம் மூலையில் கிடந்தன. எல்லாவற்றிலும் வெண்கட்டியால் பிள்ளைகளின் பெயர். முதல் தேங்காயை இழுத்து விட்டார். டொக்! நடுவில் இருந்த மூன்றும் அசைந்ததாகவே தெரியவில்லை. கடைசித் தேங்காய் துள்ளிப் போனது.

"நடுவிலை உள்ளதுகள் என்ன செய்தது?" என்று வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டார்.

"சும்மா நிண்டது, சேர்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

"சும்மா நிக்கேல்லை. வாங்கின வேகத்தை அப்பிடியே அடுத்ததுக்குக் குடுத்திட்டுது. மெல்லிய சிரட்டையெண்டால் மோதேக்கை வெடிச்சிடும், அதுதான் பாடத்துக்குத் தடிச்சது கேட்டனான்."

"ஆர் இந்தக் கதையைத் துவக்கினது?" என்று ஒருவர் கேட்டார்.

"இவாதான் எங்கடை வீட்டிலை சொன்னவா" என்று இன்னொருவர் கையைக் காட்டினார். எல்லாக் கண்ணும் பக்கத்து வீட்டுக்காரி மேல் விழுந்தது. "வந்தேறினதுகளின்ரை வேலை" என்றும் யாரோ முணுமுணுத்தார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். என் பெயரைச் சொல்லவில்லை.

மகள் முன்வரிசை வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் முதல் சொன்னனான்" என்றேன்.

"அப்ப முதல் தேங்காய் நீங்களோ, அம்மா!" என்றார் வாத்தியார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. மனுவைக் கிழித்துப் போட்டார்கள்.

திரும்பி வரும்போது அவள், "நீங்க சொல்லலேன்னா இனி அந்தக் கெணத்துப் பக்கமே நான் வந்திருக்க முடியாதுக்கா" என்றாள்.

இன்றைக்கும் யாரைப் பற்றியாவது ஒரு சந்தேகம் நாக்கு நுனிவரை வந்தால், அந்தக் கடைசித் தேங்காய் துள்ளியது கண்ணுக்குள் வரும், வாயை மூடிக்கொள்வேன்.