எண்ணெய்க் குளியலும் ஆரஞ்சுத் தூளும்

முதல் ரத்தம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முகம் கழுவும்போது வந்தது. இடது நாசி, இரண்டு சொட்டு. நாட்குறிப்பில் அப்படியே எழுதினேன்.

"நாள் பூரா உலை முன்னாடி நிக்கறீங்க. சூடு ஏறாம என்ன பண்ணும்?" என்றாள் என் மனைவி மரகதம். நானும் நம்பினேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஐம்பதுகளின் இறுதி அது. பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், உரத் தொழிற்சாலைகள் ஹைட்ரஜன் தயாரிக்க உதவும் கிரியா ஊக்கியை (வாயுக்களின் வினையை வேகப்படுத்தும் பொருள்) செய்துவந்தோம். இரும்பு ஆக்சைடும் குரோமியமும் சேர்ந்த கலவை. அதற்கான ஆரஞ்சு நிறக் குரோமியத் தூளை அரைத்துச் சலிப்பது நானும் சக ஊழியர் சென்னப்பாவும்.

தசராவுக்கு இரண்டு வாரம் விடுப்பு எடுத்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் எண்ணெய்க் குளியல். ரத்தம் நின்றது. "குளியல் பலித்தது" என்று எழுதி அடிக்கோடிட்டேன். வேலைக்குத் திரும்பிய நான்காம் நாள் மறுபடி வந்தது. குளியலைக் கூட்டினேன். இப்படிப் பதினான்கு மாதம்.

வலி இல்லாததுதான் ஏமாற்றியது. மூச்சில் மெல்லிய விசில் கேட்ட பிறகே அல்சூரில் ஒரு மருத்துவரிடம் போனேன். ஒரு நாசியில் விளக்கைக் காட்டினார். வெளிச்சம் மறு நாசியில் தெரிந்தது. செப்டத்தில் (இரு நாசிகளுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஓட்டை.

நாட்குறிப்பை வாங்கி நிதானமாகப் படித்தார். "எல்லாம் கரெக்டா எழுதியிருக்கீங்க சார். எண்ணெயை மட்டும் எடுத்துட்டுப் படிங்க."

இதைப் படிக்கும் உங்களுக்கும் விடுப்பில் நின்று வேலையில் திரும்பும் ரத்தம் இருந்தால், அதைச் சூடு என்று சொல்லாதீர்கள்.

குரோமியத் தூள்தான் அரித்திருக்கிறது என்று சொல்லி, மருத்துவர் மூக்குக்கு உப்புநீரும் களிம்பும் தந்தார். தூளை விட்டு விலகியதும் ரத்தம் ஆறு வாரத்தில் நின்றது. ஓட்டை மூடாது. அதற்குள் போய்விட்டிருந்த வாசனை உணர்வும் திரும்பவில்லை.

எனக்கு மேஜை வேலை தந்தார்கள். குரோமியத்துக்குப் பதில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) சேர்த்த கலவையைச் சோதிக்க அனுமதி கேட்டு வாங்கினேன். எட்டு மாதம் உழைத்தோம். வினை நன்றாகவே நடந்தது. ஆனால் பழைய கலவை அளவுக்கு நாள் தாங்கவில்லை. மேலதிகாரி அறிக்கையைத் திருப்பித் தந்தார்.

"ஃபேக்டரி நிக்காம ஓடணும். உங்க மூக்குக்காக அதை நிறுத்த முடியுமா?"

ஆரஞ்சுத் தூள் திரும்பி வந்தது. சென்னப்பா சல்லடைக்குத் திரும்பினார். "விசில் கேட்டாலே சார் வர்றார்னு தெரிஞ்சுடுது" என்று சிரிப்பார்.

போன மாதம் அவருடைய கைக்குட்டையில் சிவப்பைப் பார்த்தேன். உட்காரவைத்து நாட்குறிப்பைக் கொடுத்தேன். கடைசிவரை படித்தவர், பக்கங்களைப் பின்னால் தள்ளி, "குளியல் பலித்தது" என்று அடிக்கோடிட்ட வரியில் விரலை வைத்தார்.

"நான் இதை மட்டும் நம்பிக்கறேன் சார். உங்களுக்கு மேஜை குடுத்தாங்க. எனக்கு யார் குடுப்பாங்க?"

வாசனை போன உடம்புக்கு முன்னறிவிப்பு கிடையாது. பால் தீய்ந்தது கருகிய பிறகே தெரிகிறது. மழை, நனைந்த பிறகு. இப்போது ஒவ்வொரு தேதியின் கீழும் இரண்டு பெயர்கள் எழுதுகிறேன். என் பெயருக்கு நேரே, "இல்லை" என்று. அவர் பெயருக்கு நேரே, எத்தனை சொட்டு என்று.