புட்டுப் பிசைந்த கை

பாரிசிலிருந்து மச்சாள் அனுப்பிய சீனி பார்க்கும் மெஷினை நாங்கள் சும்மா நம்பிவிடவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கொழும்பில் காலி வீதியிலிருந்த லாபுக்குப் போய், இவர் இரத்தம் கொடுத்த கையோடு மெஷினிலும் விரலைக் குத்திப் பார்ப்போம். இரண்டு எண்களையும் கொப்பியில் கட்டம் போட்டு அருகருகே எழுதுவேன். பெரிய வித்தியாசம் வந்ததில்லை. அங்கே வேலை செய்த மலையகத்து ஹட்டன் பக்கத்துப் பிள்ளை மட்டும் விட்டுக்கொடுக்கமாட்டாள்: "மெஷினு ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுச் சொல்லுதுங்க. நாங்க வீட்டுக்குள்ள போயிப் பாத்துச் சொல்றோம்." எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கும்.

அன்று காலை இவர் இன்சுலின் போட்டு முடிக்கவும், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை ஆமி சுற்றி வளைக்கவும் சரியாக இருந்தது. அடையாள அட்டையோடு ஆண்கள் எல்லாரும் கீழே. இரண்டு மணித்தியாலம் வெறும் வயிற்றோடு நின்றுவிட்டு மேலே வந்தார். மகள் பசியில் சிணுங்கினாள். அவளுக்கு அப்பாவின் கைதான் வேண்டும். புட்டுக்குள் கதலிப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துக் கொடுத்தார். குழாயில் தண்ணீர் இல்லை. கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். தலை சுற்றுகிறது என்று மெஷினை எடுத்தார்.

முந்நூற்று நாற்பது.

"எனக்குக் கை நடுங்குது. நீ இன்னொரு ஊசி போடு. சாப்பாடு வேண்டாம்."

மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டேன். ஆனால் அவருடைய சேட் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. சீனி இறங்கினால்தான் இவருக்கு இப்படி வேர்க்கும்.

"திரும்ப ஒருக்கா குத்திப் பாப்பமப்பா" என்றேன் இவரிடம்.

"ரெண்டு ஸ்ட்ரிப்தான் கிடக்கு, வீணாக்காதை. இவ்வளவு நாளும் லாபோட ஒத்துத்தானே வந்தது? மெஷினை நம்பமாட்டாய், என்ர வேர்வையை நம்புவியோ?"

"ஓம். உங்கட வேர்வையோட எனக்குப் பன்ரெண்டு வருசப் பழக்கம்."

லாபுக்கு ஓடவும் வழியில்லை. வீதி இன்னும் மறிப்பு. அவர் சேட்டை உயர்த்தி வயிற்றைக் காட்டியபடி இருந்தார். அப்போதுதான் அவர் முதலில் குத்திய விரலின் நுனியில் ஒரு சீனி மணி மினுங்கியதைக் கண்டேன். லாபில் குத்தமுன் ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைப்பார்கள். நாங்கள் மெஷினைத்தான் சோதித்தோம், கையை அல்ல.

குடிக்க வைத்திருந்த தண்ணீரில் அவருடைய மற்றக் கையைக் கழுவித் துடைத்துக் குத்தினேன்.

நாற்பத்தாறு.

ஊசியைத் தூர வைத்தேன். அவருக்கு நாக்குக் குழறத் தொடங்கியிருந்தது. சீனியைக் கரைத்துப் பருக்கினேன். "அப்பாக்கு நான் தீத்துறன்" என்று மகள் தன் கடைசி உருண்டையை அவர் வாயருகே நீட்டினாள்.

கால் மணித்தியாலம் கழித்து, கையை மறுபடி கழுவி, மிச்சமிருந்த ஒரே ஸ்ட்ரிப்பில் பார்த்தோம். எண்பத்தெட்டு. கொப்பியை எடுத்து, முந்நூற்று நாற்பதைக் குறித்து, அதற்கு எதிரே 'கை கழுவவில்லை' என்று எழுதினேன். எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் சொன்னார்:

"வேர்வைக்கும் ஒரு கட்டம் போடு."