ஆக்லாந்துக்குப் போன தேவகுமாரி

சேலத்துக்கு மேலே மலையில், கிளியூர்ப் பக்கத்துக் காப்பி எஸ்டேட்டில் முப்பது வருஷமாகப் பழம் பறிப்பவர் தேவகுமாரி. கணவர் இறந்த பிறகு ஒரே மகள் அபிஷாவை நர்ஸிங் படிக்க வைத்தார். அபிஷா இப்போது கணவன் ஜெப்சனோடு நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில் இருக்கிறாள். போன வருஷம் பிரசவம் நெருங்கியபோது அம்மாவுக்கு டிக்கெட் அனுப்பினாள்.

தேவகுமாரி சேலத்தைத் தாண்டிப் போனதே குறைவு. "ஏனுங்க, அது எவ்வளவு தூரமுங்க?" என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஜேசுதாஸிடம் கேட்டார்.

ஜேசுதாஸ் போனில் பார்த்துச் சொன்னார். "பெங்களூர்ல ஏறுனா நாலரை மணி நேரத்துல சிங்கப்பூருங்க. அங்க எறங்கி வேற பிளேன். அது பத்து மணி நேரம். மொத்தம் பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். இங்கிருந்து சேலத்துக்கு முந்நூத்தி எண்பது தடவ எறங்குற தூரமுங்க."

"அத்தன தூரத்துலயும் வளைவு இல்லீங்கல்ல? அப்பப் போயிர்லாம்." மலை பஸ்ஸில் தலைசுற்றல் வரும் அவருக்கு அதுதான் பெரிய கவலை.

ஆனால் பெங்களூரில் மழை. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. சிங்கப்பூரில் இறங்கியபோது அடுத்த விமானத்துக்கு முக்கால் மணி நேரமே இருந்தது. போர்டில் எல்லாம் ஆங்கிலம். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் தேவகுமாரி நின்றார். கண் கலங்கிவிட்டது.

தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தார். "எங்கம்மா போகணும்?"

தமிழைக் கேட்டதும் தேவகுமாரி சீட்டை நீட்டினார். "எம்புள்ளைக்குப் பிரசவமுங்க."

அந்தப் பெண் சீட்டைப் படித்தார். துடைப்பானைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, "ஓடியாங்க" என்று கையைப் பிடித்தார். விமான நிலையத்துக்குள்ளேயே ஓடும் குட்டி ரயிலில் ஏற்றி, நீண்ட நடைபாதையில் ஓட வைத்து, கதவு மூடுவதற்குச் சற்றுமுன் கொண்டு சேர்த்தார்.

"உங்க பேருங்க?"

"காமாட்சி. போங்க, போங்க!"

ஆக்லாந்தில் ஜெப்சன் அவரை நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். அபிஷாவுக்கு வலி கண்டிருந்தது. "வந்துட்டேன் கண்ணு," என்று கையைப் பற்றியவர், நான்கு மணி நேரம் விடவில்லை. பெண் குழந்தை. அந்த விமானத்தைத் தவறவிட்டிருந்தால் மறுநாள்தான் அடுத்தது.

மூன்று மாதம் கழித்துத் திரும்பும்போது சிங்கப்பூரில் ஐந்து மணி நேரம் கிடைத்தது. துப்புரவு வேலையில் இருந்த தமிழர்களிடமெல்லாம் விசாரித்தார். காமாட்சிக்கு அன்று விடுமுறை. ஒருவர் போன் போட்டுக் கொடுத்தார்.

நடந்ததையெல்லாம் தேவகுமாரி சொல்லி முடித்தார். எந்த நாள் என்று காமாட்சி கேட்டுப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்கம்மா, ஞாபகம் வரலை. தினமும் யாரையாவது கூட்டிட்டுப் போறேன். பிள்ளை நல்லா இருக்கா?"

"நொம்ப நல்லாருக்குதுங்க," என்றார் தேவகுமாரி. "உங்களுக்கு ஞாபகம் இல்லாட்டிப் போகுதுங்க. எனக்கு இருக்குது."