எனக்கு மட்டும் கேட்காத சத்தம்

எனக்கு மைக் செட் தொழில். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கூழ் வார்த்தல், கட்சிக் கூட்டம், துக்க வீடு என்று காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் என் பெட்டிகள் பாடாத தெரு குறைவு. கல்யாணம் ஆகும் முன்பிருந்தே ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பழகியவன். அப்படிப்பட்டவனுக்குக் காது கேட்கவில்லை என்று சொல்ல இப்போதும் நாக்கு கூசுகிறது.

வீட்டில் டிவி சத்தத்துக்குச் சண்டை வரும். நீ வாய்க்குள்ளேயே பேசுகிறாய் என்று மனைவியைத் திட்டுவேன். காது அடைத்த மாதிரி இருந்தால் பைக் சாவியை விட்டுக் குடைவேன். கொஞ்சம் ரத்தம் கசியும். அதோடு மறந்துவிடுவேன்.

போன வருஷம் முசரவாக்கத்தில் ஒரு படத்திறப்பு. இறந்துபோனவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. எல்லோரும் பேசி முடித்தபின் அவருடைய கணவரைப் பேச அழைத்தார்கள். மெலிந்த மனிதர், மெலிந்த குரல். தெருமுனையில் கட்டிய குழாய் ஸ்பீக்கரைச் சரிசெய்ய என் மச்சான் போயிருந்தான். மனைவியின் தம்பி, தொழிலில் பங்காளி. ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அவர் வாய் அசைவது தெரிந்தது. குரல் எனக்குச் சரியாக எட்டவில்லை. கூட்டத்துக்கும் எட்டாதென்று நினைத்துச் சத்தத்தை ஏற்றினேன். முன்வரிசையில் ஒரு அம்மாள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் பொத்தினார்கள். ஒரு கைக்குழந்தை முகம் சிவக்க அழுதது. பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். துக்கத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தேன். பேசுங்க, பேசுங்க என்று கையைக் காட்டிவிட்டு, அவருக்கு உதவுவதாக எண்ணி இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

மச்சான் தெருவிலிருந்து ஓடிவந்து என் கையைத் தள்ளிவிட்டு மொத்தத்தையும் இறக்கினான்.

“இன்னா மாமா, மைக் இப்டி கீச்சுனு கத்திக்கினு இருக்குது. உனுக்குக் கேக்கலையா?”

பந்தலே என்னைப் பார்த்தது.

“கேக்குதுபா. ஒயர்ல ஏதோ ஃபால்ட்டு” என்றேன்.

அது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் மறுபடி மைக்கைத் தொடவில்லை. கைகூப்பிவிட்டுப் போய்ப் படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பெட்டிகளை வண்டியில் ஏற்றும்வரை நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

மச்சான் அக்காவிடம் சொல்லிவிட்டான். அவள் சண்டை போடவில்லை. மறுநாள் காலையில் புடவை மாற்றிக்கொண்டு வந்து, கிளம்புங்க என்றாள். காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எதை விட்டுக் குடைகிறீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன் மனைவி என் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அழுக்கு தானாகவே வெளியே வந்துவிடும், குடையக் குடைய உள்ளேதான் போய் அடையும், ஜவ்வும் கிழியும் என்றார். சொட்டு மருந்து போட்டு ஊறவைத்து, அடுத்த வாரம் அழுக்கை எடுத்தார். எல்லாம் அந்த அழுக்கால்தான் என்று ரொம்பவும் நம்பியிருந்தேன். அதன் பிறகும் ஒரு சோதனை வேண்டும் என்றார்.

சின்னக் கண்ணாடி அறை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். எவ்வளவு மெல்லிசாகக் கேட்டாலும் அமுக்க வேண்டும். சோதிக்கிற பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாள். முதலில் நன்றாகக் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை. அவள் தோள் அசைவதைப் பார்த்தேன். அசையும்போதெல்லாம் அமுக்கினேன். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியபோதுகூட எனக்கு இப்படி வியர்த்ததில்லை.

அவள் எழுந்துவந்து கதவைத் திறந்தாள்.

“ஐயா, நான் இப்ப சவுண்டே குடுக்கலைங்க. பேனாவைத்தான் எடுத்தேன்.”

அதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டுவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில், நான் பட்டனை அமுக்கியதே குறைவு.

கனத்த கீழ்ச்சுருதிச் சத்தங்கள் பரவாயில்லை, கீச்சென்ற மேல்சுருதிச் சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன என்றார் டாக்டர். நரம்பு பாதித்தது, திரும்ப வராது, காதுக்கு மெஷின் வைக்க வேண்டும், வேலை நேரத்தில் காதை அடைத்துக்கொள்ள வேண்டும். சோதனைத் தாளில் அவர் காட்டிய கோடு பாதிவரை சமமாகப் போய்ப் படக்கென்று கீழே விழுந்தது. பாட்டு மங்கலாக இருக்கிறதென்று சில வருஷங்களாக நான் ட்ரெபிளை, அந்தக் கீச்சுச் சத்தத்தையே, ஏற்றிக்கொண்டே வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. மங்கியது பாட்டு இல்லை. அத்தனை விசேஷ வீடுகளில் எத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களோ.

மெஷின் வந்ததும் முசரவாக்கத்துக்குப் போனேன். தலைமையாசிரியையின் கணவர் வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். எனக்குக் காது கேட்காதது, ஒயர் என்று பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தீர்கள், எனக்காவது சொல்லுங்கள் என்றேன். கையிலிருந்த கொத்தை உருவி முடித்தார்.

“மனசுல வெச்சிக்காதபா. ஆனா அத திருப்பிச் சொல்ல எனுக்கு வராது.”

டீ கொடுத்து அனுப்பினார். மன்னிப்பு கேட்டுவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போனவன், இன்னும் கனமாகத்தான் திரும்பினேன்.

இப்போது ஆம்ப்ளிஃபையர் பக்கம் மச்சான்தான். நான் ஒயர், சீரியல் லைட்டு பார்க்கிறேன். மெஷினை மறைக்கத் தலையில் துண்டு கட்டிக்கொண்டுதான் விசேஷங்களுக்குப் போகிறேன். மச்சான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிடுகிறான்.

வீட்டில்தான் தப்ப முடியவில்லை. மெஷின் போட்ட முதல் நாள் காலை, சமையல்கட்டிலிருந்து மனைவி, “தோசை ரெடி” என்றாள். சாதாரணக் குரல். நான் எழுவதற்குள், “தோசை ரெடி” என்று அதையே சத்தமாக இன்னொரு தடவை சொன்னாள். தண்ணீர் வருகிறது என்பதையும் அப்படித்தான் சொன்னாள், முதலில் மெல்ல, பிறகு கத்தி. இத்தனை நாளும் எனக்குக் கேட்டது அந்த இரண்டாவது மட்டும்தான். எப்போது பார்த்தாலும் கத்துகிறாள் என்று அதற்கும் திட்டியிருக்கிறேன். அவளுக்கு அது பழகிவிட்டது. இன்றுவரை விடவில்லை. ஒரு தடவை சொன்னால் போதும் என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.