பிள்ளைக்குப் போர்த்திய முதல் துணி

பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி போர்த்துவது மென்மை கருதியே என்று பலரும் எழுதுகின்றனர். அவ்விளக்கம் முழுமையன்று என்பதை நேரில் கண்டவன் நான். ஆதலால் இதனைப் பதிந்து வைப்பது என் கடமையாகிறது.

அறுபதுகளின் பிற்பகுதி, ஐப்பசி அடைமழை. பள்ளிப்பட்டிலிருந்து திருவள்ளூர் வந்துகொண்டிருந்த எங்கள் பேருந்து, தரைப்பாலத்தின்மேல் வெள்ளம் புரண்டதால் சாலையோரம் நின்றது. மாமியாருடன் மருத்துவமனைக்குச் சென்றுகொண்டிருந்த இளம்பெண் ஒருத்திக்கு அங்கேயே வலி முற்றியது. ஆடவர் அனைவரும் இறங்கிப் புளியமரத்தடியில் ஒதுங்கினோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க கைம்பெண் ஒருவரும் எங்களோடு இறங்கிவிட்டார். “நல்ல காரியத்துல நான் எதுக்குங்க?” என்றார்.

குழந்தை அழுதது. உடனே மாமியார் சன்னல்வழியே கூவினார்: “யார்கிட்டனா பழந்துணி கீதா? இங்க எல்லாம் நனைஞ்சு கீது, புள்ள வெறைக்குது!”

கைத்தறி லுங்கி வணிகர் ஒருவர், “சீட்டுக்கடியில என் மூட்டை கீது, பிரிச்சுக்கோம்மா” என்றார்.

“புதுசு ஆவாது நைனா! பொறந்த புள்ளைக்கு யாராவது கோடி போத்துவாங்களா? நல்லா வாழ்ந்தவங்க கட்டின துணி வோணும்.”

“கட்டின துணின்னா என் இடுப்புல கீறதுதான்!” என்றார் வணிகர். அதுவும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

எங்களோடு இறங்கியிருந்த அந்தக் கைம்பெண் அம்மையார் தம் பையிலிருந்து நைந்து மெலிந்த வெள்ளைப் புடவையொன்றை எடுத்து வணிகரிடம் நீட்டினார். “யாருதுன்னு சொல்லாதீங்க.”

மாமியார் பார்த்துவிட்டார். “ஐயே, அந்தம்மாதா? வாணாம், வாணாம்!” உடுத்தவரின் பேறு துணிவழியே பிள்ளையைச் சேரும் என்பது நம்பிக்கை, தாலியிழந்தவரின் புடவையை அவர் எவ்வாறு ஏற்பார்? குழந்தையின் அழுகையோ தேய்ந்துகொண்டே வந்தது.

அப்போது உள்ளிருந்து பெற்றவளின் குரல் கேட்டது: “அத்தே, ஊட்டுக்காரரு போனா துணி இன்னா பண்ணும்? அவுரு போயும் இத்தினி வருசம் நின்னு வாழ்ந்துக்கீறாங்களே, அந்தத் தெகிரியம் என் புள்ளைக்கு வரட்டும். அவங்களயே வந்து போத்தச் சொல்லு.”

அம்மையார் அசையவில்லை. வணிகர்தாம், “ஏறும்மா, கூப்புடுதில்ல” என்று அதட்டினார். அம்மையார் ஏறினார். சற்று நேரத்தில் அழுகை வலுத்துக் கேட்டது. எங்களுக்கு மூச்சு வந்தது.

வெள்ளம் வடிந்து திருவள்ளூர் சேரும்வரை குழந்தை அவர் மடியிலேயே இருந்தது. மாமியார் அருகமர்ந்து, அப்புடவையின் முனையை இழுத்து இழுத்துப் பிள்ளையின் கால்களை மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு துணியின் பொருளை, அதை ஏற்பவரும் மாற்றி எழுதலாம் என்று அன்று அறிந்தேன். இவ்வழக்கம் பெண்டிர் நன்கறிந்தது. நான் கூறியவற்றில் பிழையிருப்பின் அவர்களே திருத்த வேண்டுகிறேன். அந்தத் தாயின் விடையை மட்டும் கேட்டவாறே எழுதியுள்ளேன்; அதில் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.