பதினாறாவது ட்ராக்

சத்தத்தை வைத்துப் பிழைக்கிறவன் நான். காதில் விழாத ஒன்றை விழுந்தது என்று சொன்னால் அதோடு என் பெயர் கெட்டுவிடும். அதனால் இதில் ஒரு வரியைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நேரங்கள் எல்லாம் என் கைக்கடிகாரத்தில் பார்த்தவை, இருட்டிலும் முள் மினுங்குகிற கடிகாரம் அது. சாட்சிக்கு இரண்டு பேர் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறார்கள். சந்தேகப்படுகிறவர்கள் போய்க் கேட்கலாம்.

என் பெயர் பிறையன். கண்டிப் பக்கம் நடக்கிற ரொக் கச்சேரிகளைப் படம் பிடித்து, ஒலி சேர்த்து, வீடியோவாகக் கொடுப்பது என் தொழில். ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எடுக்கிற வீடியோக்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படம் ஆடும். பேஸ் கிற்றார் வந்ததும் சத்தம் கிழியும். பாடுகிறவளைவிடப் பக்கத்தில் நின்று விசிலடிக்கிறவன்தான் பெரிதாகக் கேட்பான். அதைப் போட்டுவிட்டு 'லைவ்' என்று பெருமை வேறு.

என் முறை வேறு. மேடையில் இருக்கிற ஒவ்வொரு மைக்கும் தனித்தனி ட்ராக்காக ரெக்கோடரில் ஏறும். ட்ரம்ஸ், கிற்றார்கள், குரல்கள் என்று பதினைந்து. அவற்றை மட்டும் போட்டால் ஒலி சுத்தமாக இருக்கும், ஆனால் உயிர் இருக்காது. ஆளில்லாத வீட்டில் பாடுகிற மாதிரி இருக்கும். அதற்காகச் சனங்களைப் பார்த்தபடி கூரையிலிருந்து ஒரு மைக்கைத் தொங்கவிடுவோம். கைதட்டல், கூச்சல், மண்டபத்தின் எதிரொலி எல்லாம் அதில்தான் வரும். அது பதினாறாவது ட்ராக். அதைக் கட்டுவது என்னோடு வேலை செய்கிற கமெராக்காரன் சதீஸ்குமாரின் பொறுப்பு.

அந்தச் சனிக்கிழமை பல்லேகலயில் ஒரு பெரிய களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்துக் கஜனியின் குழு வாசித்தது. கஜனி பாடகி. குரல் நல்ல குரல், பொறுமைதான் கிடையாது. வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அனுப்ப, திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குள் ஒரு பாட்டு வீடியோ வேண்டும் என்று நின்றாள். ஞாயிறு இரவு நான் அனுப்பிய மாதிரியைக் கேட்டுவிட்டு உடனே ஃபோன் எடுத்தாள்.

"சத்தம் செத்துப்போய்க் கிடக்கு அண்ணே. சனம் எங்க?"

நியாயமான கேள்வி. பதினாறை நான் அதுவரை திறக்கவேயில்லை.

திங்கட்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. கட்டுகஸ்தோட்டையில் பாதிக் கடைகள் பூட்டியிருந்தன. என் ஸ்டூடியோ மேல்மாடியில். கீழே றலியா என்ற பெண் தையல் கடை வைத்திருக்கிறார். மேலே முன்னறை ஒன்று, அதற்கு உள்ளே ஒலி அறை. ஒலி அறையை நானே நின்று கட்டினேன். ஜன்னல் இல்லை. சுவருக்குள் சுவர், தரைக்குக் கீழே றப்பர், கதவு நான்கு விரல் தடிப்பு. மூன்று வருடமாக உள்ளே ட்ரம்ஸ் அடித்திருக்கிறோம். கீழே ஒரு துளி கேட்டதில்லை என்று றலியாவே சொல்லியிருக்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த அறைக்குள் நான் யாரையும் ஃபோன் கொண்டுவர விடுவதில்லை. ஸ்பீக்கரில் டிக் டிக் என்று இரைச்சல் பிடிக்கும். என் ஃபோனும் முன்னறை மேசையில்தான் கிடக்கும். அதன் பக்கத்திலேயே என் பை. பைக்குள் இன்ஹேலர். சின்ன வயதிலிருந்து எனக்கு இழுப்பு.

காலையில் சதீஸ்குமார் வந்து கமெராக் கார்டுகளைத் தந்தான். பதினாறாவது ட்ராக்கைத் திறக்கப்போகிறேன் என்றேன். அவன் முகம் ஒரு மாதிரிப் போனது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல அண்ணே. அஞ்சு மணிக்கு வர்றேன்."

போய்விட்டான்.

1.18. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பதினாறைத் தனியாக ஓடவிட்டேன். மொத்த நீளம் மூன்று மணி ஐம்பது நிமிடம். முதலில் ஒன்றுமில்லை. சனம் வந்து சேரவில்லை என்று நினைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பார்த்தேன். சரியாக இருபதாவது நிமிடத்தில் ஒரு சத்தம்.

டங்.

ஏதோ இரும்புத் துண்டு தரையில் விழுகிற சத்தம். பிறகு தட்டல். மூன்று தடவை. பிறகு யாரோ இருமினார்கள்.

எனக்குப் பிடிபடாதது வேறு. மற்றப் பதினைந்து ட்ராக்குகளிலும் அந்த நேரம் ட்ரம்ஸ் இடித்துக்கொண்டிருக்கிறது. அது கழிப்பறையில் வைத்த மைக்கில்கூட விழும். இதில் விழவில்லை. அந்தக் களஞ்சியம் அவ்வளவு பெரியது, எதிரொலி மூன்று விநாடி நிற்கும். இதில் எதிரொலியே இல்லை. சின்ன அறை. மூடிய அறை. சுவரில் பஞ்சு வைத்த அறை... இருபது வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது தெரியும்.

மீண்டும் தட்டல்.

களஞ்சியத்தில் யாராவது ஓர் அறைக்குள் மாட்டிக்கொண்டார்களா என்று மனதுக்குப் பயமாகப் போய்விட்டது. மைக்கை எங்கேதான் கட்டினான் என்று சதீஸ்குமாரை ஃபோனில் கேட்க எழுந்தேன்.

1.40. கரண்ட் போனது.

ஏசி நின்றது. லைட் நின்றது. லப்டொப் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் போய்க் கதவின் கைப்பிடியைத் திருகினேன். கைப்பிடி இரண்டு வாரமாகவே ஆடிக்கொண்டிருந்தது. திருத்த வேண்டும் என்று தினமும் சொல்வேன், தினமும் மறப்பேன். அது கழன்று, கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

டங்.

அதே சத்தம்.

மேசையில் கிடந்த ஹெட்ஃபோனைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். இரும்பு விழுந்தால் டங் என்றுதான் கேட்கும். கைப்பிடியைத் தேடி எடுத்து ஓட்டையில் செருகினேன். பிடிக்கவில்லை. உள்ளே இருக்கிற கம்பி மறுபக்கம் போய்விட்டது. கதவு உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தள்ளியும் பயனில்லை, இழுக்கப் பிடியும் இல்லை.

தட்டினேன். மூன்று தடவை.

இருமல் வந்தது.

டங், தட்டல், இருமல். அதே வரிசை.

கதிரையால் கதவை அடித்தேன். தரையை உதைத்தேன். சதீஸ், சதீஸ் என்று கத்தினேன். நான் கட்டிய அறை. யாருக்கும் கேட்காது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? வைஃபையும் கரண்டோடு போய்விட்டது. நெஞ்சில் விசில் தொடங்கியது. இரண்டு மணி நேரத்தில் ஓர் அறையின் காற்று முடிந்துவிடாது என்று இப்போது சொல்கிறேன். அந்த நேரம் என் நெஞ்சுக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. இன்ஹேலர் கதவுக்கு அந்தப் பக்கம், ஆறு அடி தூரத்தில் இருக்கிறது.

2.05. திரும்பிப் போய் ஹெட்ஃபோனை மாட்டினேன். ஏன் மாட்டினேன் என்று கேட்காதீர்கள். மாட்டாமல் இருக்க முடியவில்லை. இருபதாவது நிமிடத்திலிருந்து ஓடவிட்டேன்.

டங். தட்டல். இருமல். கதிரை கதவில் மோதுகிற சத்தம். தரையில் உதை. பிறகு குரல்.

"சதீஸ்... சதீஸ்..."

என் குரல்.

சனிக்கிழமை பதிவானது. அதில் என் குரல்.

நான் செய்துமுடித்த எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. நான் இன்னும் செய்யாததும் இருந்தது. லப்டொப்பில் பற்றரி பதினெட்டு வீதம் என்று காட்டியது. எனக்கு ஒன்றுதான் தெரியவேண்டியிருந்தது. கதவு திறக்கிறதா, இல்லையா?

முன்னால் தள்ளினேன்.

ஐம்பதாவது நிமிடம். தட்டல், மெதுவாக. நெஞ்சு விசிலடிப்பது மைக்கில் தெளிவாக விழுந்திருந்தது.

ஒரு மணி இருபது. தட்டல் இல்லை. மூச்சு மட்டும்.

ஒரு மணி நாற்பத்தெட்டு. செபம். மங்கள வார்த்தை செபம். கல்யாணத்துக்குப் பிறகு நான் கோயில் பக்கம் ஒழுங்காகப் போனவன் இல்லை. ஆனால் என் குரல்தான் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு சொல், ஒரு மூச்சு... ஒரு சொல், ஒரு மூச்சு...

ஒரு மணி ஐம்பது. செபம் பாதியில் நின்றது.

மூச்சும் நின்றது.

கதவுச் சத்தம் இல்லை. வேறு குரல் இல்லை. ஒன்றுமே இல்லை.

கணக்குப் பார்த்தேன். கைப்பிடி விழுந்தது இருபதாவது நிமிடம், 1.40 மணி. அப்படியென்றால் ஒரு மணி ஐம்பது என்பது...

3.10.

இன்னும் தள்ளிப் பார்க்கக் கை வைத்தேன். 2.31. பற்றரி முடிந்தது. லப்டொப் அணைந்தது.

இருட்டு.

பயந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன். மனைவி கிறேஸின் பெயரைச் சொல்லி அழுதேன். அழ அழ மூச்சு இன்னும் இறுகியது. அப்போது ஒரு யோசனை வந்தது. அதில் இருக்கிறவன் தட்டித் தட்டியே மூச்சை விட்டான். நான் தட்டமாட்டேன். கத்தமாட்டேன். செபம் சொல்லமாட்டேன். மனதுக்குள்கூடத் தொடங்கமாட்டேன்.

கதவுக்கு எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன்.

2.50. மூக்கால் இழுத்து, வாயால் விட்டேன்.

2.58. கைகள் விறைத்துப்போயின.

3.04.

தட்டல்.

வெளியிலிருந்து இல்லை.

உள்ளிருந்து.

கதவில்... நெஞ்சு உயரத்தில்... இரண்டு கையாலும்.

என் கை மடியில் இருந்தது. ஒன்றை ஒன்று பிடித்திருந்தது.

தட்டல் நிற்கவில்லை. கதவு அதிர்ந்தது. அந்த அதிர்வு தரை வழியாக எனக்கு வந்தது.

இருமல் கேட்டது.

நான் இருமவில்லை.

விசில் மூச்சு. பத்தடி தூரத்தில்.

கண்ணை மூடினேன். மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

3.08. தட்டல் தளர்ந்தது. அதற்குப் பதிலாக என் குரலில் செபம், ஒரு சொல், ஒரு மூச்சு.

3.09. ஏதோ கதவோடு உரசிக்கொண்டு கீழே சரிந்தது.

3.10.

ஒன்றுமில்லை.

3.21. கதவு திறந்தது. சதீஸ்குமார் ஃபோன் வெளிச்சத்தோடு நின்றான். அவனுக்குப் பின்னால் றலியா, கழுத்தில் அளவு நாடாவோடு. கதவடியில் யாரும் இல்லை. நான் எதிர்ச் சுவரில் உட்கார்ந்திருந்தேன்.

சதீஸ்குமார் ஓடிப்போய் இன்ஹேலரைக் கொண்டுவந்தான். பிறகு ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முகத்தில் மாஸ்க்கை மாட்டி மருந்துப் புகை விட்டார்கள். றலியாவும் வந்திருந்தார். அன்று அவர் கடையைத் திறந்ததே ஒரு கல்யாணச் சட்டையை முடிப்பதற்காகத்தான்.

"மேல கதவ ஒடைக்கிற மாதிரி தட்டுற சத்தம் கேட்டுச்சு. அதான் சதீஸ் தம்பிக்கு ஃபோன் எடுத்தேன். அஞ்சாறு நிமிஷம் விடாமத் தட்டுனீங்களே."

மாஸ்க்கோடு நான் தலையை ஆட்டினேன். நான் தட்டவில்லை என்று சொல்லத்தான் ஆட்டினேன். அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். ட்ரம்ஸ் அடித்தே கேட்காத அறையிலிருந்து அது மட்டும் அவருக்கு எப்படிக் கேட்டது என்று எனக்கு இன்றும் தெரியாது.

அவர் போன பிறகு சதீஸ்குமார் கட்டில் பக்கத்தில் வந்து நின்றான். அழுதிருந்தான்.

"அண்ணே, ஏசாதீங்க. சனிக்கிழம லேட்டாயிருச்சுல்ல... அந்த மைக்க நான் கட்டவே இல்ல. வயரும் குத்தல. கொண்டுபோகவே மறந்துட்டேன். நம்ம சவுண்ட் ரூம்ல, மேசைக்குக் கீழதான் கிடந்துச்சு. நீங்க கத்துவீங்கன்னு சொல்லல."

கத்துகிறவன்தான் நான், மறுக்கவில்லை. என் வாய்க்குப் பயந்து அவன் இரண்டு நாளாக அதை மறைத்திருக்கிறான். அப்படிப் பார்த்தால் பதினாறாவது ட்ராக்கில் எதுவுமே இருந்திருக்கக் கூடாது. அன்று அவனைத் திட்ட எனக்கு மூச்சும் இல்லை, மனமும் இல்லை.

வீடியோ ஆறு மணிக்குப் போகவில்லை. கஜனி என்னோடு இன்னும் பேசுவதில்லை.

ஒரு கிழமை கழித்து நானும் சதீஸ்குமாரும் முன்னறையில் உட்கார்ந்து, ஜன்னல் எல்லாம் திறந்துவைத்து, பகல் பத்து மணிக்குப் பதினாறாவது ட்ராக்கின் மிச்சத்தைக் கேட்டோம். ஒரு மணி ஐம்பதில் மூச்சு நிற்கிறது. அதன் பிறகு வெறும் அமைதி. ஒரு மணி நேரம்... ஒன்றரை மணி நேரம்... சதீஸ்குமார் போதும் என்றான். நான் விடவில்லை.

மூன்று மணி நாற்பத்தோராவது நிமிடத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. என் கணக்குப்படி அது திங்கட்கிழமை மாலை 5.01. அவன் வருவதாகச் சொன்ன நேரம்.

சதீஸ்குமாரின் குரல்தான். முதலில் சாதாரணமாக.

"அண்ணே, கரண்ட் வந்துருச்சா?"

பிறகு காலடி, வேகமாக. யாரையோ தரையிலிருந்து புரட்டுகிற சத்தம்.

"அண்ணே... பிறையன் அண்ணே..."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சதீஸ்குமார் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இத நான் பேசல அண்ணே. சத்தியமா நான் பேசல."

அதில் அவன் என்னைப் பதினொரு தடவை கூப்பிடுகிறான். நான் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை.